இல்லை என்று சொல்லத் தெரிய வேண்டும்

வருவாய்த் துறையிலிருந்து ஓய்வு பெற்று ஒன்பது வருடமாகிறது. காலை நடை, மயிலாடும்பாறை கடைத்தெருவில் ஒரு டீ, பேப்பர், மதியத் தூக்கம் என்று போகும் நாளில் இப்போது கம்ப்யூட்டர் நிரல் எழுதுவதும் சேர்ந்திருக்கிறது. கோயம்புத்தூரில் படிக்கும் பேத்தி விட்டுப்போன பாடப்புத்தகத்திலிருந்து பழைய நெறிமுறைகளை ஒவ்வொன்றாக எடுத்து, 'ரஸ்ட்' என்ற மொழியில் எழுதிப் பார்க்கிறேன்.

"ரஸ்ட்னா துருதானே தாயி? எனக்குப் பொருத்தமாத்தான் பேரு வச்சிருக்காங்க" என்றேன்.

"துருப்பிடிக்காம இருக்கத்தான் தாத்தா, எழுதிப் பாருங்க" என்றாள்.

கனடாவின் வான்கூவரில் இருந்த கிரேடன் ஹோர் என்பவர் 2006இல் தொடங்கிய மொழி இது. அவர் வீடு 21ஆவது மாடியில். லிப்டின் மென்பொருள் செயலிழந்து போனதால் படியேறிப் போனாராம். இப்படி நடுவழியில் நின்று போகாத நிரல்களை எழுத ஒரு மொழி வேண்டும் என்று வேலையில் இறங்கினார். அவர் வேலை பார்த்த மொசில்லா நிறுவனம் துணை நிற்க, 2015 மே மாதம் முதல் நிலையான பதிப்பு வந்தது.

நான் எடுத்துக்கொண்டது 'இருமத் தேடல்'. பெயர்தான் புதிது. அகராதியில் சொல் தேடும்போது நாம் எல்லோரும் செய்வதுதான். நடுவில் திறக்கிறோம். தேடும் சொல் முன்னால் இருக்கும் என்றால் பின்பாதியை விட்டுவிடுகிறோம். மிச்சத்தில் மறுபடி நடுவைத் திறக்கிறோம். வரிசையாக எழுதிய ஆயிரம் பெயரில் ஒன்றைப் பிடிக்கப் பத்து முறை பார்த்தால் போதும். பத்து லட்சம் பெயர் என்றாலும் இருபது முறைதான்.

இவ்வளவு எளிய வேலையில் என்ன தப்பு வரும் என்று தோன்றும். அமெரிக்காவில் ஜான் பென்ட்லி என்பவர் இதைத் தொழில்முறை நிரலாளர்களிடம் கொடுத்து எழுதச் சொன்னார். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் எழுதியதில் பிழை இருந்தது. இதை அவர் 1986இல் வந்த தன் புத்தகத்தில் சொல்கிறார். ஜாவா மொழியின் நூலகத்துக்கு இருமத் தேடலை எழுதியவர் ஜோஷுவா பிளாக். அது சுமார் ஒன்பது வருடம் ஓடிய பிறகு, அதிலும் ஒரு பிழை இருந்ததை 2006இல் அவரே ஊருக்குச் சொன்னார். நடுவைக் கண்டுபிடிக்க இரண்டு எல்லைகளையும் கூட்டி இரண்டால் வகுக்கிறோம் அல்லவா? அங்கே ஒரு எண் 214 கோடியே 74 லட்சத்துச் சொச்சத்தைத் தாண்ட முடியாது. பட்டியல் மிகப் பெரிதானால் கூட்டுத்தொகை அதைத் தாண்டி, மைனஸ் எண்ணாகிவிடும். காகிதத்தில் எண்ணுக்கு எல்லை கிடையாது, கம்ப்யூட்டரில் உண்டு.

ரஸ்டில் எழுதும்போது இன்னொரு இடம் கண்ணில் படுகிறது. ஏழு எண்கள் உள்ள பட்டியல். இடங்களுக்கு 0 முதல் 6 வரை பெயர். முதல் எண்ணைவிடச் சிறிய ஒன்றைத் தேடுவோம். நடு 3, மேல் எல்லை 2 ஆகிறது. அடுத்த நடு 1. மேல் எல்லை 0. அடுத்த நடு 0. புத்தகம் சொல்கிறபடி நடுவில் ஒன்றைக் கழித்தால் மைனஸ் 1. ரஸ்டில் இடத்தைக் குறிக்கும் எண்ணுக்கு மைனஸ் என்பதே இல்லை. சோதனை ஓட்டத்தில் அந்த வரியிலேயே நிரல் நின்று, காரணத்தையும் சொல்லிவிடும். மேல் எல்லையைக் கடைசி இடத்துக்கு அடுத்ததாக வைத்துக்கொண்டு, ஒன்றைக் கழிக்காமல் எழுதினால் சரியாக ஓடுகிறது.

கவனியுங்கள். பட்டியலில் இருப்பதைக் கண்டுபிடிக்கும்போது எந்தச் சிக்கலும் இல்லை. இல்லாத ஒன்றைக் கேட்டபோதுதான் நிரல் நின்றது.

பணியில் இருந்தபோது பார்த்தது நினைவுக்கு வந்தது. வருசநாட்டுப் பக்கத்திலிருந்து ஒரு பாட்டி முதியோர் உதவித்தொகைக்காக ஓர் அலுவலகத்துக்கு மாதாமாதம் வந்தார். பட்டியலைப் புரட்டுவார்கள், "அடுத்த வாரம் வாங்கம்மா" என்பார்கள். அவர் பெயர் பட்டியலிலேயே ஏறவில்லை. "உங்க பேரு இதுல இல்லம்மா, புதுசா மனுக் கொடுங்க" என்று முதல் நாளே ஒருவர் சொல்லியிருந்தால் பாதி வருடம் பஸ்ஸுக்குச் செலவழித்திருக்க மாட்டார். பெயர் இருப்பவருக்கு எல்லா அலுவலகமும் நல்ல அலுவலகம்தான். இல்லாதவருக்கு என்ன பதில் கிடைக்கிறது என்பதில்தான் அதன் லட்சணம் தெரியும்.

ரஸ்ட் நூலகத்தில் ஏற்கெனவே எழுதி வைத்திருக்கும் இருமத் தேடலில் எனக்குப் பிடித்ததும் இதுதான். தேடியது இருந்தால் இருக்கும் இடத்தைச் சொல்கிறது. இல்லாவிட்டால் வெறுங்கையோடு அனுப்புவதில்லை. "இல்லை, வரிசை கெடாமல் சேர்ப்பதானால் இந்த இடத்தில் சேர்க்கலாம்" என்று அந்த இட எண்ணைத் தருகிறது. கேட்ட நிரலும் 'உண்டு', 'இல்லை' என்ற இரண்டையும் பிரித்துப் பார்த்த பிறகுதான் அந்த எண்ணை எடுத்துப் பயன்படுத்த முடியும்.

இன்று ரேஷன், பென்ஷன், பட்டா எல்லாம் கம்ப்யூட்டர் பட்டியலில்தான் இருக்கின்றன. நிரல் எழுதும் பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருந்தால் ஒன்று கேட்டுப் பாருங்கள்: "பட்டியலில் இல்லாத ஆள் வந்தால் உன் நிரல் என்ன சொல்லும்?"