சிவாங்கி சமைக்க வந்த சீசன்

சமைக்கும் குக்குக்குத் துணையாக ஒரு கோமாளி சேட்டை செய்யும் விஜய் டிவி நிகழ்ச்சி 'குக்கு வித் கோமாளி'யில் இரண்டாவது சீசன்தான் உச்சம் என்று எல்லாரும் சொல்வார்கள். புகழ், பாலா, மணிமேகலை, ஷகிலாம்மா... அந்தச் சிரிப்பை மறக்க முடியாதுதான். ஆனாலும் என் மனசுக்கு நெருக்கம் நான்காவது சீசன். இப்போது இலங்கை மலைநாட்டில், கந்தப்பளைக் குளிரில் போர்வைக்குள் உட்கார்ந்து மறுபடி பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

மூன்றாவது சீசன் ஓடிய 2022இல் இங்கே கரண்ட் ஏது? மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வெட்டு. எங்கள் தோட்டத்து லயமே இருட்டு. பாதி எபிசோட் பார்க்கவே இல்லை. அதனால் 2023இல் புது சீசன் வந்தபோது வீடே காத்துக்கிடந்தது.

வந்தவுடன் ஆச்சரியம்! மூன்று சீசனாகக் கோமாளியாக நின்று நடுவர் வெங்கடேஷ் பட்டிடம் ஏச்சு வாங்கிய சிவாங்கி, இந்த முறை குக். தான் செய்த அதே சேட்டைகளைத் தன் கோமாளியிடம் பட்டுக்கொண்டே சட்டியையும் கவனிக்கிறார். வேடிக்கைக்கு வந்த பிள்ளை வேலை கற்றுக்கொண்டு இறுதிப் போட்டி வரைக்கும் போனதைப் பார்க்க அவ்வளவு சந்தோஷம். பழைய சீசன்களைப் பார்த்திருந்தால்தான் அந்த ருசி முழுசாகத் தெரியும்.

எங்கள் அப்பாயிக்கு மட்டும் நடிகர் மைம் கோபிதான் பிடிக்கும். "படத்துல வில்லனா மொறைக்கிற ஆளு, இங்க பச்சப்புள்ளயாட்டம் நிக்கிறான் பாரு" என்று ஒவ்வொரு முறையும் சொல்லும். பட்டம் அவருக்குத்தான் கிடைத்தது என்று தெரிந்தும், சமையல் நேரம் முடியப் போகும்போது இப்பவும் பதறுகிறது.

ஐந்தாவது சீசனில் பட் சார் இல்லை, நடுவராக மாதம்பட்டி ரங்கராஜ் வந்துவிட்டார். அதையும் அடுத்த லீவில் தொடங்குகிறோம்.