இன்னைக்கு யாரு டூட்டி?

பிரசவ அறையில் பெண்களை நான் அடித்திருக்கிறேன். வலி தாங்காமல் காலை ஒடுக்கும்போது தொடையில் ஓங்கி அடிப்பேன். கையால் அடித்ததைவிட வாயால் அடித்தது அதிகம். திண்டுக்கல் மாவட்டத்து அரசு செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவள் நான். வேலை பார்த்த இடங்களின் பெயரை எழுதவில்லை. அங்கே ஒழுங்காக வேலை பார்த்தவர்கள்மேல் என் அழுக்கு ஒட்டக் கூடாது.

நிலக்கோட்டைப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் இருந்த காலம் அது. சுற்றிலும் மல்லிகைத் தோட்டங்கள். மொட்டு விரியுமுன் பறித்தாக வேண்டும் என்பதால் விடியாத இருட்டிலேயே பெண்கள் தோட்டத்துக்குள் இறங்கிவிடுவார்கள். கூலி எடைக்கு ஏற்ப. பறித்ததைச் சந்தைக்கு அனுப்பிவிட்டு, வீட்டுக்கு ஓடி உலை வைத்து, பஸ் பிடித்து அவர்கள் எங்களிடம் வந்து சேர மணி 11 ஆகிவிடும். எனக்கு அது பொறுக்காது. “வெள்ளன வர முடியாதோ? வயித்துப் பிள்ளைய விட பூவு பெருசாப் போச்சா?” என்று வரிசையில் நிற்கும் அத்தனை பேர் முன்னாலும் கேட்பேன்.

ஒருத்தியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். தலைப்பிள்ளை உண்டாகியிருந்தாள். கர்ப்பகாலச் சர்க்கரைச் சோதனைக்கு வந்தாள். சென்னையில் டாக்டர் வி. சேஷய்யா பல ஆண்டுகள் வற்புறுத்தியதன் பலனாக, 2007 வாக்கில் தமிழ்நாடு எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் கட்டாயமாக்கிய சோதனை. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைப்போம். இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்போம். அளவு 140-ஐத் தொட்டால் சர்க்கரை என்று கணக்கு. இதற்கு வெறும் வயிற்றோடு வரவேண்டியதில்லை. சாப்பிட்டிருந்தாலும் எந்நேரம் வந்தாலும் பார்க்கலாம். தூரத்திலிருந்து வரும் பெண்ணை, ‘நாளைக்குச் சாப்பிடாமல் வா’ என்று திருப்பி அனுப்பினால் அவள் மறுபடி வரமாட்டாள் என்று யோசித்து அமைத்த முறை அது. இதெல்லாம் எனக்குப் பாடமாகவே சொல்லித்தந்திருந்தார்கள். அப்படிப்பட்ட சோதனைக்கு வந்தவளைத்தான், நேரம் கழித்து வந்தாய் என்று நான் வைதேன்.

பாதி டம்ளர் குடித்ததுமே அவளுக்குக் குமட்டியது. வாந்தி எடுத்துவிட்டாள். தரையிலும் விழுந்தது, என் செருப்பிலும் தெறித்தது. “எடுத்தது நீதான, நீயே அள்ளு” என்றேன். மூலையில் கிடந்த சாக்கை எடுத்துக் குத்தவைத்துத் துடைத்தாள். ஏழு மாத வயிறு முழங்காலில் இடித்தது. அவள் நகக்கண்களில் காம்பு கிள்ளிய பச்சைக் கறை இருந்தது. பெஞ்சில் இருந்த பெண்கள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அடுத்த வாரம் திரும்ப வந்து அந்தத் தண்ணீரை மூச்சைப் பிடித்துக்கொண்டு குடித்து முடித்தாள். சர்க்கரை இருந்தது.

பிரசவத்துக்கும் வந்தாள். அன்று இரவுப் பணி என்னுடையது. அவள் கத்தியபோது, பிரசவ அறைகளில் வழிவழியாக வரும் அந்தக் கேள்வியைக் கேட்டேன். புருஷனோடு படுத்தபோது தெரியவில்லையா என்று. வெளியே அவள் அம்மா நின்றிருந்தது எனக்குத் தெரியும். அந்த அம்மாளுக்கும் கேட்கட்டும் என்றுதான் குரலை உயர்த்தினேன். தாயும் பிள்ளையும் நலம். முத்துலெட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் அப்போது 6,000 ரூபாய். அந்தப் படிவத்தை நிரப்பும்போதும், “காசுன்னா மட்டும் கரெக்டா வந்துருவீங்க” என்று சொல்லாமல் விடவில்லை.

சர்க்கரை வந்த தாய்க்குப் பிரசவமாகி ஆறு வாரத்தில் மறுபடி சோதனை பார்க்க வேண்டும். பிறகும் விடாமல் பார்த்துவர வேண்டும், ஏனென்றால் அவர்களில் பலருக்குச் சில ஆண்டுகளில் அது நிரந்தரச் சர்க்கரையாகிவிடும். அவள் வரவில்லை. கிராம சுகாதார செவிலியர் வீடு தேடிப் போய்க் கூப்பிட்டுவிட்டு வந்து தயங்கித் தயங்கிச் சொன்னார்: “அந்தப் புள்ள ‘இன்னைக்கு யாரு டூட்டி’ன்னு கேக்குது சிஸ்டர். உங்க பேரைச் சொன்னேன். அப்ப வரலங்குது.”

அன்றைக்குத்தான் விசாரித்தேன். அவள் ஒருத்தி மட்டுமல்ல. அங்கிருந்த செவிலியர்கள் எங்கள் மூன்று பேரின் டூட்டி சார்ட் அந்தச் சுற்றுவட்டார ஊர்களுக்கெல்லாம் மனப்பாடம். தென்மாவட்டத்திலிருந்து வந்த ஒரு சிஸ்டர் எங்களோடு இருந்தார். “வா தாயி, சாப்டியா?” என்று கேட்டுவிட்டுத்தான் பிரஷர் பட்டையைக் கையில் சுற்றுவார். கூட்டமெல்லாம் அவர் முறைக்கு வரும். நோட்டைப் புரட்டினாலே தெரியும், என் முறையில் பக்கங்கள் வெளுப்பாக இருந்தன. கூட்டம் குறைவது எனக்குச் சௌகரியமாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவளுடைய பெயருக்கு நேரே, ‘பலமுறை அறிவுறுத்தியும் வரவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நான் ஒருமுறைகூட அறிவுறுத்தவில்லை. அவள் வராததற்குக் காரணம் யார் என்று தெரிந்தே எழுதினேன்.

2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் ஆஸ்பத்திரியில் நடக்கின்றன. இந்தக் கணக்கைச் சொல்லி எங்களைப் பாராட்டுவார்கள், நானும் கைதட்டியிருக்கிறேன். பிரசவத்துக்கு எப்படியும் வருவார்கள். உதவித்தொகை இருக்கிறது, பிறப்புச் சான்றிதழ் இருக்கிறது, 108 வண்டி வாசலுக்கே வருகிறது, எல்லாவற்றுக்கும் மேல் பிள்ளை இருக்கிறது. பிள்ளைக்காக எந்தப் பேச்சையும் தாங்கிக்கொள்வார்கள். தங்கள் உடம்புக்கு என்று வருகிறபோதுதான் பழைய பேச்சு வாசலில் மறிக்கும். வெள்ளைப்படுதலுக்கு, மார்பில் கட்டிக்கு, தலைசுற்றலுக்கு மெடிக்கல் ஷாப்பில் நின்றே மாத்திரை வாங்கிக்கொள்வார்கள். இல்லையென்றால் கந்துவட்டிக்கு வாங்கித் தனியாரிடம் போவார்கள். பிரசவக் கணக்கில் என்னைப் போன்றவர்கள் செய்த கேடு தெரியவே தெரியாது.

எங்கள் மாவட்டத்திலேயே வேறு மாதிரியும் இருந்தது. டாக்டர் சௌந்தரம் ராமச்சந்திரன் 1947-இல் காந்திகிராமத்தைத் தொடங்கினார். அங்கே வளர்ந்த கஸ்தூரிபா மருத்துவமனைக்குத்தான் சின்னாளபட்டிக்காரியான என் அம்மா பிரசவத்துக்குப் போனாள். அங்கிருந்த நர்சம்மா தன் கையைப் பிடித்துக்கொண்டே நின்றதைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்துதான் நர்சிங் படிக்கப் போனேன்.

அப்புறம் ஏன் இப்படி ஆனேன்? ஆள் பற்றாக்குறை, இரவு பகல் பாராத வேலை என்று சொல்லலாம். பொய்யில்லை. ஒப்பந்தச் செவிலியர்கள் 7,700 ரூபாய்ச் சம்பளத்தில் தவித்து 2017-இல் சென்னையில் போராடியதை நாடே பார்த்தது. ஆனால் என் சம்பளம் நிரந்தரச் சம்பளம். என்னோடு அதே வேலையைச் செய்த அந்தத் தென்மாவட்டத்து சிஸ்டர் ஒருத்தியையும் வையவில்லை. ஒரு பயிற்சியில் தென்னாப்பிரிக்க ஆய்வொன்றைப் பற்றிச் சொன்னார்கள். ரேச்சல் ஜூக்ஸும் குழுவினரும் 1998-இல் வெளியிட்டது. செவிலியர்கள் நோயாளிகளை ஏன் கொடுமைப்படுத்துகிறார்கள் என்பதே கேள்வி. வேலைப்பளுவோடு, ‘நான் இவர்களில் ஒருத்தி இல்லை’ என்று காட்டிக்கொள்ளும் தவிப்பும் காரணம் என்று அதில் வருகிறது. என்னைப் பெயர் சொல்லி எழுப்பி நிற்கவைத்த மாதிரி இருந்தது. என் அப்பா திண்டுக்கல்லில் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்தவர். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்காரும் பிள்ளைகள் மூக்கைப் பொத்துவார்கள். வெள்ளைக் கோட்டைப் போட்டபின், அந்தப் பெஞ்சில் இருந்த பெண்களும் நானும் ஒரே இடத்திலிருந்து வந்தவர்கள் என்பது யாருக்கும் தெரிந்துவிடக் கூடாது என்று பயந்தேன். அதற்காகத்தான் கத்தினேன். வாத்தியார் வீட்டுப் பெண்கள் வந்தால், வசதியான வீட்டுப் பெண்கள் வந்தால் என் குரல் தானாகத் தணிந்துவிடும். அதுவும் எனக்குத் தெரியும்.

பத்து வருடம் தாண்டியிருக்கும். இடமாற்றலாகி, வேறொரு ஆஸ்பத்திரியில் அறுவைப் பிரிவில் இருந்தேன். சர்க்கரைப் புண்ணுக்குக் கட்டுப் பிரித்துக்கொண்டிருந்தேன். வலது காலில் கட்டைவிரலும் அடுத்த விரலும் எடுத்திருந்தது. தோட்டத்தில் வெறுங்காலில் குத்திய முள் என்று கேஸ் ஷீட்டில் இருந்தது. ‘எத்தனை நாளாகச் சர்க்கரை’ என்ற இடத்தில், ‘தெரியாது’ என்று எழுதியிருந்தது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமில்லாத முகம். கட்டில் ஓரம் உட்கார்ந்திருந்த சிறுமியிடம், “சிஸ்டருக்கு வணக்கம் சொல்லு பாப்பா. நீ பொறந்தப்ப இவுகதான் புடிச்சாக” என்றாள்.

“ஆள் மாத்திச் சொல்றம்மா. நான் அந்தப் பக்கமே வேலை பாத்ததில்ல” என்றேன்.

மறுநாளே கெஞ்சிக் கூத்தாடி வேறு வார்டுக்கு டூட்டி மாற்றிக்கொண்டேன். அவள் வீட்டுக்குப் போகும்வரை அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை.

கர்ப்பத்தில் சர்க்கரை வந்த தாய்க்குப் பிறந்த பிள்ளைக்கும் பிற்காலத்தில் சர்க்கரை வரும் வாய்ப்பு அதிகம். அந்தச் சிறுமியைக் கவனமாகப் பார்த்துவர வேண்டும், அவள் பிள்ளை உண்டாகும்போது முதல் மாதங்களிலேயே சோதிக்க வேண்டும் என்று அந்தத் தாய்க்கு எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். அவளுக்குக் கர்ப்பத்திலேயே சர்க்கரை இருந்தது கேஸ் ஷீட்டில் இல்லை. அந்த வார்டில் அது எனக்கு மட்டும்தான் தெரியும். அதைச் சொல்ல வாயெடுத்தால், அந்த சிஸ்டர் நான்தான் என்று ஒப்புக்கொண்டாக வேண்டும். நான் சொல்லவில்லை.