கொட்டானுக்குக் கொட்டான்

செட்டிநாடு என்றதும் நம்மில் பலருக்கு முதலில் நாக்கில்தான் தண்ணீர் ஊறும். வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம், சீப்புச் சீடை, மனகோலம்... சொல்லிக்கொண்டே போகலாம். அடுத்தபடியாக ஞாபகத்துக்கு வருவது தேக்குத் தூண் நிறுத்திய மாளிகைகளும் ஆத்தங்குடித் தரையும். இவற்றையெல்லாம் வாய் பிளந்து பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறவர்கள், அதே வீடுகளில் பெண்களின் கையால் உண்டான ஒரு சின்னஞ்சிறு பொருளைக் கவனிக்காமலே வந்துவிடுகிறார்கள். அதன் பெயர் கொட்டான்.

கொட்டான் என்றால் பனை ஓலையில் பின்னிய கூடை. "பூ! ஓலைப் பெட்டிதானே? எங்க ஊர்ச் சந்தையில் குவித்து வைத்திருப்பார்களே!" என்று உதட்டைப் பிதுக்கிவிடாதீர்கள், சகோதரிகளே! செட்டிநாட்டுக் கொட்டானைக் கையில் எடுத்துப் பார்த்தால் அப்படிச் சொல்ல மனம் வராது. ஓலையை நூல் மாதிரி மெல்லியதாகக் கிழித்து, சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று சாயம் ஏற்றி, நெருக்கமாகப் பின்னியிருப்பார்கள். அடி சதுரமாக இருக்கும். வாய் வட்டமாக இருக்கும். சதுரம் எந்த இடத்தில் வட்டமாக மாறியது என்று தேடித் தேடிப் பார்த்தாலும் சட்டென்று பிடிபடாது! பழைய கொட்டான்களில் விளிம்புக்கு மணி கோத்து, குரோஷா பின்னல் வைத்து அலங்கரித்திருப்பதும் உண்டு.

வெற்றிலை பாக்கு வைக்க, பூ வைக்க, கோவிலுக்குத் தேங்காய் பழம் கொண்டுபோக, கல்யாணத்தில் வந்தவர்களுக்குப் பலகாரம் கொடுக்க என்று கொட்டான் இல்லாத விசேஷமே அந்தக் காலத்தில் கிடையாது. அவற்றைக் கடையில் வாங்கவில்லை. வீட்டு ஆச்சிமார்களே பின்னினார்கள். நகரத்தார் வீட்டு ஆண்கள் பர்மா, மலேயா, இலங்கை என்று கடல் தாண்டித் தொழிலுக்குப் போய் வருஷக்கணக்கில் தங்கிவிடுவார்கள். வீடு, வாசல், நல்லது கெட்டது எல்லாம் பெண்கள் பொறுப்பு. மத்தியான வேளையில் வளவில் உட்கார்ந்து நாலு பேர் பேசிக்கொண்டே கை வேலை செய்வதுதான் அவர்களுக்குப் பொழுதுபோக்கு.

சிநேகிதி ஒருத்தியின் மகள் கல்யாணத்துக்காகக் காரைக்குடி போயிருந்தேன். எழும்பூரில் பல்லவன் எக்ஸ்பிரஸ் ஏறினால் நேரே காரைக்குடியில் இறங்கிவிடலாம். வழியில் திருச்சியைத் தாண்டி, புதுக்கோட்டையும் கடந்த பிறகு மண்ணின் நிறம் சிவந்துகொண்டே வருவதை ஜன்னல் வழியாகப் பார்க்கலாம். அந்தச் செம்மண் காட்டில் தலை நிமிர்ந்து நிற்பது பனை மரம்தான். பனை நமது மாநில மரம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

கல்யாண வீட்டில் தாம்பூலத்தோடு ஆளுக்கொரு குட்டிக் கொட்டான் கொடுத்தார்கள். உள்ளங்கையில் அடங்குகிற அளவு. அதை நான் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைக் கண்டு சிநேகிதி சிரித்தாள். "இதுக்கே இப்படிச் சொக்கிப் போயிட்டியே! எங்க பெரியம்மாகிட்ட ஒண்ணு இருக்கு, வந்து பாரு" என்று மறுநாள் பக்கத்துக் கிராமத்துக்கு அழைத்துப் போனாள்.

தெரு முனையிலிருந்து அடுத்த தெரு வரை நீண்ட வீடு. முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாம் கட்டு என்று நடக்க நடக்க வந்துகொண்டே இருந்தது. அத்தனை பெரிய வீட்டில் எண்பது வயதைத் தாண்டிய ஆச்சி ஒருவரும், ஒத்தாசைக்கு ஒரு பெண்ணும்தான்!

"வாங்க, எப்ப வந்திய? சாப்பிட்டியளா?" என்று வாய் நிறையக் கேட்டார் ஆச்சி. விஷயத்தைச் சொன்னதும் இரும்புப் பீரோவைத் திறந்து, பழைய வேஷ்டித் துணியில் சுற்றியிருந்த ஒரு கொட்டானை எடுத்தார். அவருடைய அம்மா பின்னியதாம். சாயம் மங்கியிருந்தது. விளிம்பில் நாலைந்து மணி உதிர்ந்திருந்தது. ஆனால் பின்னல் மட்டும் இம்மி விலகவில்லை.

"இதை யார் ஆச்சி உங்க அம்மாவுக்குக் கற்றுக் கொடுத்தது?" என்று கேட்டேன்.

"யாரும் உட்கார வச்சுக் கத்துக் கொடுக்கலை. பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கொட்டான்ல பலகாரம் வரும். வெறும் கொட்டானைத் திருப்பிக் கொடுக்கக் கூடாதுல்ல? நம்ம வீட்டுக் கொட்டான்ல ஏதாவது வச்சுக் கொடுப்பாக. அவுக கொட்டான் இங்கே தங்கிடும், நம்ம கொட்டான் அங்கே தங்கிடும். அதைப் பார்த்து இவுக பின்னுவாக, இதைப் பார்த்து அவுக பின்னுவாக. அம்புட்டுத்தான்!"

எவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டார்! ஓசைப்படாமல் ஒரு பள்ளிக்கூடமே அல்லவா நடந்திருக்கிறது?

"நீங்க பின்னுவீங்களா ஆச்சி?"

"சின்ன வயசில கொஞ்சம் பழகினேன். அப்புறம் எவர்சில்வர் வந்துச்சு, பிளாஸ்டிக் வந்துச்சு. பிள்ளைக எல்லாம் மெட்ராஸ், சிங்கப்பூர்னு போயிட்டாக. கொட்டான் கொடுக்கிறதுக்கு எதிர் வீட்டில ஆள் வேணும்ல?"

இந்தக் கடைசி வார்த்தை என் மனத்தில் தைத்துவிட்டது. ஓலை இருக்கிறது, மரம் இருக்கிறது. மாற்றிக்கொள்ள ஆள் இல்லாதபோதுதான் கலை நின்று போகிறது.

அப்படி நின்றே போயிருக்க வேண்டிய கலைதான் இது. 2000-ம் ஆண்டில் விசாலாட்சி ராமசாமி என்ற அம்மையார் எம்.ஆர்.எம்.ஆர்.எம். கல்ச்சுரல் ஃபவுண்டேஷன் என்ற அறக்கட்டளையை ஆரம்பித்து, கொட்டான் பின்னலை மீட்டெடுக்கும் வேலையில் இறங்கினார். கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். 2012-13-ல் 'செட்டிநாடு கொட்டான்' என்ற பெயருக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஒரு காலத்தில் ஆச்சிமார்களின் பொழுதுபோக்காக இருந்தது, இன்றைக்கு எத்தனையோ குடும்பங்களில் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவுக்கு உதவுகிறது.

கல்யாணத்துக்குக் கொட்டான் பின்னிக் கொடுத்த பெண்ணையும் பார்க்க ஆசைப்பட்டேன். இரண்டு குழந்தைகளுக்குத் தாய். வீட்டு வேலை முடிந்து, சின்னவனைத் தூங்க வைத்துவிட்டுப் பின்ன உட்காருவாராம். குருத்தோலையை வெட்டிக் காய வைப்பது, ஈர்க்கை நீக்குவது, கொதிக்கும் சாயத் தண்ணீரில் போட்டு எடுத்து நிழலில் உலர்த்துவது, ஒரே அகலமாகக் கிழிப்பது என்று பின்னுவதற்கு முன்னாலேயே பாதி வேலை போய்விடுகிறது. பின்னும்போது ஓலை லேசான ஈரத்தோடு இருக்க வேண்டும். காய்ந்திருந்தால் மடக்கும் இடத்தில் முறியும்; ஈரம் அதிகமானால் காய்ந்த பிறகு பின்னல் தளர்ந்துவிடும். "மாவு பிசையற பதம் மாதிரிதான் அக்கா, கைக்குத்தான் தெரியும்" என்றார்.

ஆச்சி வீட்டுக் கொட்டானைப் பற்றிச் சொன்னதும் அவர் கை அப்படியே நின்றுவிட்டது.

"பழசா? எனக்கு ஒரு தடவை காட்டச் சொல்வீங்களா அக்கா? போட்டோல நிறையப் பார்த்திருக்கேன். ஆனா போட்டோல மேல் பக்கம்தான் தெரியும். மூலையை எப்படி மடக்கினாங்க, எந்த ஓலை உள்ளே போகுது, எங்கே முடியுதுன்னு கையில எடுத்துப் பார்த்தாத்தான் தெரியும்."

மறுநாள் சாயந்திரம் அவரையும் கூட்டிக்கொண்டு ஆச்சி வீட்டுக்குப் போனோம். வெறுங்கையோடு வரக் கூடாது என்று தாம் பின்னிய புதுக் கொட்டான் ஒன்றில் கதலிப் பழம் வைத்துக் கொண்டுவந்திருந்தார் அந்தப் பெண். ஆச்சி பீரோவைத் திறந்து பழைய கொட்டானைக் கொடுத்தார். அந்தப் பெண் அதைக் கவிழ்த்து, அடியில் ஓலைகளை விரல் நுனியால் ஒவ்வொன்றாக எண்ணினார். மூலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பள்ளிக்கூடப் பிள்ளை வாய்க்குள்ளேயே பாடம் படிக்கிற மாதிரி உதடு மட்டும் அசைந்தது.

"ஆச்சி, இதை ரெண்டு நாள் வச்சிருந்து பார்த்துட்டுத் தரட்டுங்களா? பத்திரமாக் கொண்டாந்து கொடுத்துடறேன்" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

ஆச்சி உடனே பதில் சொல்லவில்லை. எனக்கே மனசு அடித்துக்கொண்டது. பெற்ற தாயின் கைவேலை அல்லவா? காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழைய சாமான் கடைகளுக்கு வீட்டில் எத்தனையோ பொருள் போய்விட்டது, இதை மட்டும் கொடுக்கவில்லை என்று முதல் நாள் அவரே சொல்லியிருந்தார்.

ஆச்சி புதுக் கொட்டானைக் கையில் எடுத்தார். விளிம்பைத் தடவிப் பார்த்தார். பழங்களை எடுத்துத் தட்டில் வைத்தார். பிறகு பழைய கொட்டானில் ஒரு பிடி சீடையைப் போட்டு அந்தப் பெண்ணிடம் நீட்டினார்.

"ரெண்டு நாளெல்லாம் வேண்டாம். நீயே வச்சுக்க. இது எனக்கு இருக்கட்டும். பீரோவுக்குள்ள இருந்தா பூச்சிக்குத்தான் ஆகும். உன் கையில இருந்தா இன்னும் பத்து வீட்டுக்குப் போகும்."

அந்தப் பெண்ணுக்குப் பேச்சே வரவில்லை. கொட்டானை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு ஆச்சி காலைத் தொட்டுக் கும்பிட்டார்.

கைவேலையை மாற்றிக்கொண்டு கற்கும் இந்தப் பழக்கம் உலகத்தில் வேறு இடங்களிலும் உண்டு. வேடிக்கையான ஓர் உதாரணம் சொல்கிறேன். சைவக்காரர்கள் முகம் சுளிக்காமல் கேளுங்கள்! ட்ரௌட் என்று குளிர்ந்த நீரில் வாழும் ஒரு மீன். வெள்ளைக்காரர்கள் காலத்தில் நம் நீலகிரிக்கும் கொண்டுவந்து விட்டார்கள். இதைப் பிடிக்க இறகு, பட்டு நூல், ரோமம் இவற்றைச் சின்னத் தூண்டில் முள்ளில் சுற்றிக் கட்டி, பூச்சி மாதிரியே செய்து வீசுகிறார்கள். இந்தப் பொய்ப் பூச்சிக்கு 'ஃப்ளை' என்று பேர். மேல்நாடுகளில் இதைக் கையால் கட்டுவதில் பைத்தியமாக இருப்பவர்கள் ஏராளம். ஸ்காட்லாந்தில் மேகன் பாய்டு (1915-2001) என்ற பெண்மணி சால்மன் மீனுக்கான பூச்சிகளைக் கட்டியே உலகப் புகழ் பெற்றார். 1971-ல் அவருக்குப் பிரிட்டிஷ் எம்பயர் பதக்கம் கிடைத்தது. இத்தனைக்கும் அவர் ஒரு மீனைக்கூடப் பிடித்ததில்லையாம்!

இந்தப் பிரியர்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்தால், ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த ஒரே மாதிரியில் பன்னிரண்டு பூச்சி கட்டி, பெயரும் செய்முறையும் எழுதிய சீட்டோடு பொதுவான ஒருவருக்கு அனுப்பிவிடுவார்கள். அவர் பிரித்து, ஆளுக்குப் பன்னிரண்டு மாதிரி வரும்படி திருப்பி அனுப்புவார். ஒரு மாதிரியைக் கொடுத்தவர் கைக்குப் பன்னிரண்டு மாதிரி வந்து சேர்கிறது. நம் ஆச்சி சொன்ன கணக்கேதான்!

இதை நாமும் செய்யலாமே? நவராத்திரி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தெருவிலோ அடுக்கு மாடிக் குடியிருப்பிலோ ஆறு பேர் சேருங்கள். ஓலையோ, கூடை வயரோ, குரோஷாவோ, துணிப் பையோ, உங்களுக்கு எது கைவந்ததோ அதில் ஒரே மாதிரி ஆறு செய்யுங்கள். அளவு, செய்முறை இரண்டையும் ஒரு சீட்டில் எழுதி வையுங்கள். ஒருவர் வீட்டில் கூடிப் பகிர்ந்துகொள்ளுங்கள். கைக்குழந்தைக்காரிகள் ஆறு செய்ய முடியவில்லை என்று ஒதுங்க வேண்டாம். மூன்று பேராகச் சேர்ந்தால் மூன்றே போதும். வீட்டோடு கிடந்து அலுத்துப் போகும் மனசுக்கு, நாலு பேரோடு உட்கார்ந்து கையால் ஏதாவது செய்வது எவ்வளவு இதமாக இருக்கும் என்பதைச் செய்தால்தான் தெரியும்.

காரைக்குடி போனால் கொட்டான் வாங்கி வாருங்கள். வாங்கியதைக் காப்பாற்றச் சில யோசனைகள்:

எண்ணெய்ப் பலகாரத்தை நேரே வைக்காமல் வாழை இலைத் துண்டைப் போட்டு வையுங்கள்.

தண்ணீரில் ஊறப் போடாதீர்கள். ஈரத் துணியால் லேசாகத் துடைத்து, காற்றாட உலர்த்துங்கள்.

மழைக் காலத்தில் பூஞ்சை வரும். அவ்வப்போது எடுத்து இளவெயில் காட்டுங்கள். உச்சி வெயில் சாயத்தை வெளுக்கும்.

பூட்டி வைக்காதீர்கள். காய்ந்த வேப்பிலை போட்டாலும் பீரோவுக்குள் கிடக்கும் ஓலை என்றைக்காவது பூச்சிக்கு இரையாகும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பக்கத்து வீட்டுக்கு அதில் பலகாரம் கொடுத்து அனுப்புங்கள். வெறும் கொட்டானாகத் திரும்பி வராது!