விரல் படாத ரேகை

ஒருவன் தன் பெயரைச் சொல்லாதிருப்பதனால் மட்டும் அவன் யாரென்பது மறைந்துவிடுவதில்லை. நடையும் குரலும் அவனைக் காட்டிக்கொடுத்துவிடும். இணையத்தில் இன்று நிகழ்வதும் இதுவே.

நாம் ஓர் இணையத்தளத்தைத் திறந்ததும், எமது உலாவியின் பதிப்பு, திரையின் அளவு, நேர வலயம், விரும்பும் மொழி முதலான பல செய்திகளை அத்தளம் அறிந்துகொள்ள முடிகின்றது. தனித்தனியே நோக்குமிடத்து இவை அற்பமானவை. ஒருங்கு சேருமிடத்துக் கைரேகை போலாகின்றன. விளம்பரத்தின்பொருட்டு மக்களைப் பின்தொடரும் நிறுவனங்களுக்கு இது பெரும் வாய்ப்பு. குக்கிகளை அழித்துவிடலாம், எமது கணினியில் எதனையும் விட்டுச்செல்லாத இவ்வடையாளத்தை அவ்வாறு அழிப்பதற்கில்லை.

2010இல் எலக்ரோனிக் புரொன்ரியர் பவுண்டேசனைச் சேர்ந்த பீற்றர் எக்கர்ஸ்லி ஏறத்தாழ 470,000 உலாவிகளை ஆராய்ந்து, அவற்றுள் 83.6 சதவீதமானவை வேறெதனோடும் ஒவ்வாதவை எனக் கண்டார். 2018இல் பிரான்சிய இணையத்தளமொன்றில் இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட பதிவுகளை ஆராய்ந்தோர் கண்டது 33.6 சதவீதமே. எனினும், மூன்றிலொரு பங்கு தனித்து நிற்கின்றதென்பது சிறிய செய்தியன்று.

இங்கு எது அரிதோ அதுவே அடையாளமாகின்றது. எனது உலாவியின் முதன்மொழி தமிழ்; நேர வலயம் கொழும்பு. உலகப் பொதுவான தளமொன்றில் இவ்விரண்டுமே என்னை மிகச் சிறிய தொகுதியொன்றினுள் நிறுத்திவிடுகின்றன. நான் நிறுவியுள்ள தமிழ் எழுத்துருக்களும் கண்டறியப்படின், அத்தொகுதி மேலும் சுருங்கும்.

ரோர் உலாவி தன்னைப் பயன்படுத்துவோர் அனைவரையும் ஒரே தோற்றத்திற் காட்ட முயல்கின்றது. மறைவை வேண்டுவோர் ஆங்கிலப் பக்கங்களையே கேட்டுப்பெறும் தெரிவும் அதில் உண்டு. தொழினுட்ப நோக்கில் அது சரியானதே. ஆயினும், மறைவுக்கு விலையாகத் தாய்மொழியை விட்டுக்கொடுக்க வேண்டிய நிலை என் மனத்தை உறுத்துகின்றது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர் இவ்விலையைச் செலுத்துவதில்லையன்றோ?

தனியாள் செய்யத்தக்கவை சில உள. உலாவியிலேயே அமைந்த காப்பு வசதிகளை இயக்கலாம். பிறர் பயன்படுத்தாத நீட்சிகளைக் குவிக்காதிருக்கலாம், அவையும் எம்மைத் தனித்துக் காட்டக்கூடுமாதலால். ஆனால் அடிப்படைப் பொறுப்பு உலாவியை ஆக்குவோருக்கும் சட்டத்துக்கும் உரியது. வேறுபட்டிருப்பவன் தன் வேறுபாட்டைத் துறந்தே பாதுகாப்புப் பெறவேண்டும் என்பது நீதியாகாது.

எனது மொழித் தெரிவை நான் மாற்றவில்லை. தமிழைத் தெரிவோர் தொகை பெருகப் பெருக, அத்தெரிவு ஒருவரைக் காட்டிக்கொடுக்கும் ஆற்றலும் குறையும்.