இரண்டு நிறுத்தங்களுக்கு நடுவே

கோலசிலாங்கூர் ஒருநாள் பயணத்தின் வரிசை எங்கள் தொழிலில் எல்லாருக்கும் மனப்பாடம். முதலில் புக்கிட் மெலாவாத்தி, மதியம் ஆற்றோரக் கடையில் மீனும் நண்டும், வெயில் தாழ்ந்ததும் செக்கிஞ்சான் வயல், இருட்டியபின் கம்போங் குவாந்தானில் சம்பான் ஏறி மின்மினி. நான்கே நிறுத்தங்கள். இவற்றுக்கு நடுவே பேருந்து ஓடும் நேரத்தில் ஒலிவாங்கி ஓய்ந்துவிடும், பயணிகள் கண்ணயர்ந்துவிடுவார்கள். சன்னலுக்கு வெளியே செம்பனை ஓடிக்கொண்டிருக்கும். வழிகாட்டியின் திறமை நிறுத்தங்களில் தெரிவதைவிட அந்த ஓட்டத்தில்தான் தெரிகிறது என்பது என் கட்சி. நிறுத்தங்கள் தாமே பேசிக்கொள்ளும். ஆரஞ்சு நிறக் குட்டியை மடியில் இடுக்கிய சாம்பல் லோத்தோங் குரங்குக்கு யாருடைய விளக்கமும் வேண்டாம். (இலை தின்னும் வயிறு அதற்கு, ரொட்டியை நீட்டாதீர்கள் என்று சொன்னால் போதும்.)

புக்கிட் மெலாவாத்தி மலை உச்சியில் பீரங்கியும் 1907ஆம் ஆண்டின் கலங்கரை விளக்கமும் இருக்கின்றன. 1784இல் டச்சுக்காரர்கள் இந்தக் குன்றைப் பிடித்துத் தங்கள் தலைமை ஆளுநரின் பெயரால் அல்திங்ஸ்பர்க் என்றார்கள். அடுத்த ஆண்டே சிலாங்கூர் சுல்தான் இப்ராஹிம் மீட்டார். ஆண்டுகளை ஒப்பித்துவிடலாம். ஆனால் கீழே தெரியும் சேற்றுக்கும் கண்டல் காட்டுக்கும் ஏன் சண்டை போட்டார்கள் என்ற கேள்விக்கு மலையில் விடை இல்லை. விடை ஆற்றில் இருக்கிறது. உள்நாட்டு ஈயம் ஆற்று வழியேதான் கடலுக்கு வந்தது. கழிமுகத்தை வைத்திருப்பவன் கையில் வணிகம். தண்ணீர் என்ற இந்த நூலைக் காலையிலேயே பயணிகள் கையில் கொடுத்துவிட்டால் பொழுது முழுக்க அதைப் பிடித்தே நடக்கலாம். செக்கிஞ்சான் வயலின் பச்சையும் தானாக வந்ததல்ல. பெர்ணம் ஆற்று நீரைத் திருப்பி, கால்வாய் வழியே தஞ்சோங் காராங் வரை கொண்டுவந்த பாசனத் திட்டத்தின் பச்சை அது.

அதே நூல் செம்பனைத் தோட்டத்துக்குள்ளும் போகிறது. கரையோரத் தாழ்நிலத்தில் காண் வெட்டி நீரை வடித்தால்தான் மரம் நிற்கும். சன்னல் வழியே பாருங்கள்: மரங்கள் முக்கோணக் கணக்கில், ஏறக்குறைய ஒன்பது மீட்டர் இடைவெளியில் நிற்பதால், பேருந்து ஓட ஓட வரிசைகள் சாய்வாகத் திறந்து மூடுகின்றன. பத்தாங் பெர்ஜுந்தாய்ப் பக்கம் (2007இலிருந்து அது பெஸ்தாரி ஜெயா) தென்னமரம் தோட்டம் இருக்கிறது. பெயரே தமிழ். காப்பி சரிவராத அந்த மண்ணில் 1917இல் பிரெஞ்சுக்காரர் ஆன்றி ஃபொக்கொனியே செம்பனையை நட்டார். மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் அதுதான். 1930இல் மலாயா பற்றிய நாவலுக்காகப் பிரான்சின் கோன்கூர் பரிசு வாங்கியவரும் அவரே. இப்படி ஒரு செய்தியை வேறு ஊர்க்காரர்கள் நுழைவுச்சீட்டுப் போட்டு விற்றிருப்பார்கள். நாம் எண்பது கிலோமீட்டர் வேகத்தில் தாண்டிப் போகிறோம்.

அது தனியார் நிலம், இறங்க முடியாது. லயங்கள் காலியாகிவிட்டன, குலை அறுப்பவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டவர்கள், காட்ட என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். இறங்க வேண்டியதில்லை. தமிழ்ப்பள்ளிப் பெயர்ப்பலகை, சாலையோர முனீஸ்வரன், தோட்டத்தின் பெயர் ஆகிய மூன்றும் சன்னலுக்கே வருகின்றன. ஒன்றே நுணுக்கம்: பலகை வந்தபின் பேச்சைத் தொடங்கினால் அது பின்னால் போயிருக்கும், இரண்டு நிமிடம் முன்பே சொல்லி முடித்து, பலகை வரும்போது வாயை மூடிக்கொள்ள வேண்டும். மகிழ வந்தவர்களிடம் கங்காணி காலத்துத் துயரத்தை ஏன் அவிழ்ப்பது என்பது இன்னும் கனமான மறுப்பு. நியாயம்தான், ஒப்பாரி வைக்கும் வழிகாட்டியை எனக்கும் பிடிக்காது. ஆனால் பெரட்டுக்களத்தில் விடியுமுன் பெயர் கூப்பிட்டார்கள், பால் வெட்டினார்கள், ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டங்கள் கைமாறியபோது பலர் வீடிழந்தார்கள் என்பது ஒப்பாரி அல்ல, தகவல். தமிழர் கதையை மட்டும் தூக்கிப் பிடிப்பதாகவும் ஆகாது: செக்கிஞ்சானின் சீனர்களும் தஞ்சோங் காராங்கின் ஜாவா, பஞ்சார் குடிகளும் அதே சாலையில்தான் வருகிறார்கள்.

தோட்டத்தை விட்டுவிட்டால் மின்மினியும் பாதிக் கதையாகிவிடும். பெரெம்பாங் மரத்தில் ஆண் பூச்சிகள் ஒரே தாளத்தில் மினுங்குவதை எல்லாரும் சொல்கிறார்கள். மின்மினியின் புழு கரையோர ஈர நிழலில் நத்தை தின்று வளர்கிறது. ஆற்றின் விளிம்பு வரை செம்பனை நட்டால் அந்த நிழலும் ஈரமும் போய்விடும், நத்தையும் போய்விடும். பகலில் தோட்டத்தைப் பார்த்தவருக்கு இது ஒரு வாக்கியத்தில் விளங்கும். தூங்கியவருக்கு மின்மினி வெறும் சீரியல் விளக்கு. சம்பானில் நான் பேசுவதில்லை. பேசவேண்டியதெல்லாம் சாலையிலேயே முடிந்திருக்க வேண்டும்.

அடுத்த முறை கோலசிலாங்கூர் போகிறவர்கள் பெஸ்தாரி ஜெயா வழியாக, பகலில் போங்கள். பௌர்ணமியை மட்டும் தவிர்த்துவிடுங்கள். நிலா வெளிச்சத்தில் மின்மினி எடுபடாது.