பட்டத்திற்குப் பின்னும் ஒரு படிப்பு

யாம் முனைவர்ப் பட்டம் பெற்றுக் கல்வராயன் மலையிலுள்ள எம் சிற்றூருக்குச் சென்றபொழுது, முற்றத்திற் கடுக்காய் உலர்த்திக்கொண்டிருந்த எம் அன்னையார், "படிப்பு முடிந்ததென்று ஊரெல்லாம் சொல்லிவிட்டேனே, இன்னும் என்னப்பா படிப்பு?" என வினவினார். விடையிறுக்க அறியாது நின்றேம்.

யாம் கற்க விழைந்தது, உயிரணுவினுள் இயங்கும் நுண்பொறிகளின் வடிவத்தை மின்னணு நுண்ணோக்கியாற் காணும் கலை. 1931 இல் ஜெர்மனியில் ருஸ்கா, நோல் என்னும் இருவர் ஆக்கத் தொடங்கிய அக்கருவி, ஒளிக்கு மாறாக மின்னணுக் கற்றையைக் கொள்வது. நீரிற் கலந்த புரதத்தை நொடிப்பொழுதிற் கண்ணாடிபோல் உறையச் செய்து படமெடுப்பர். தனிப்படம் ஒவ்வொன்றும் மங்கலாகவே இருக்கும். பல்லாயிரம் படங்களை ஒன்றுசேர்த்துக் கணித்த பின்னரே உருவம் தெளியும். வெள்ளிமலையில் மூடுபனி விலகும் இடைவெளிகளிற் பலகாற் கண்டு குன்றின் முழுவடிவை அறிதல் போல்வது இது. இம்முறையை வளர்த்த டூபொஷே, பிராங்கு, ஹெண்டர்சன் ஆகிய மூவரும் 2017 இல் நோபெல் பரிசு பெற்றனர்.

இக்கலை நூலறிவால் மட்டும் வாராது; வல்லார் ஒருவருடன் சில ஆண்டு இருந்து கைப்பழக்கம் பெறல் வேண்டும். அதற்குரியதே முனைவர்ப் பட்டத்திற்குப் பின்னுள்ள ஆய்வுப் பணி. அதில் ஊதியமுண்டு, நிலைப்பேறில்லை. பத்துக் கடிதம் விடுத்தேம். எட்டிற்கு மறுமொழியே இல்லை, இரண்டு மறுத்தன. நாணத்தால் இதனை அன்னையாரிடம் மறைத்தேம்.

அந்நாளில் எம்மைத் தாங்கியது வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் அவர்களின் வரலாறு. எம் கள்ளக்குறிச்சியும் அவர் 1952 இற் பிறந்த சிதம்பரமும் ஒருகாலத்தில் ஒரே தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்தவை. 1976 இல் இயற்பியலில் முனைவரான பின்னர், அவர் மீண்டும் மாணவராகி உயிரியல் கற்றார். யேல் பல்கலைக்கழகத்திற் பீட்டர் மூரிடம் ரைபோசோமை ஆராய்ந்தார். அதன்பின் ஏறத்தாழ ஐம்பது இடங்களுக்கு விண்ணப்பித்தும் ஆசிரியப் பணி கிடைத்திலது. அந்த ரைபோசோம் ஆராய்ச்சியே 2009 இல் மற்றிருவரோடு அவருக்கு நோபெல் பரிசை ஈந்தது.

பதினோராங் கடிதம் எழுதினேம். பெங்களூரிலிருந்து இசைவு வந்தது. எல்லாவற்றையும் அன்னையாரிடம் அன்றே உரைத்தேம். அவர் நெடுநேரம் பேசாதிருந்து, "பறித்த காய் உலர்ந்த பின்புதானே விலைபோகும், போய்வா" என்று கூறி, கடுக்காய் விற்ற பணத்தை வழிச்செலவிற்குத் தந்தார்.

மாணவ நண்பர்காள்! பட்டம் பெற்றவுடன் பணி வாராவிடிற் கலங்கற்க. விண்ணப்பம் எழுதுங்கால், யாரிடம், எதனை, எதன்பொருட்டுக் கற்க விழைகின்றீர் என்பதை முதல் வரியிலேயே தெளிவாய் எழுதுக. எம் முதற் பத்துக் கடிதங்களிலும் அஃது இருந்திலது.