உதவப் போனவர்கள்

சிவகாசிப் பக்கத்து முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் இறந்தவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்கள் இல்லை. வருஷங்கள் போனதில் ஜனங்களுக்கு வெடிச்சத்தம் நினைவிருக்கிறது, இது மறந்துவிட்டது. அதனால்தான் இதையே முதலில் எழுதுகிறேன்.

2012 செப்டம்பர் 5, புதன்கிழமை. நவம்பர் 13-ல் தீபாவளி. பட்டாசு ஆலைகளுக்கு மூச்சுவிட நேரமில்லாத காலம் அது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து கம்பெனி வேனில் போய்வந்து, அந்தப் பக்கத்தில் வேறொரு ஆலையில் போர்மேனாக இருந்தேன். மதியம் பன்னிரண்டு மணி தாண்டியதும் முதல் சத்தம் கேட்டது. சிவகாசிப் பக்கத்துக்காரர்களுக்குச் சத்தத்திலேயே தெரியும், சோதனைக்கு வெடித்ததா, அறை போனதா என்று. அறைதான்.

எங்கள் ஆலையில் ஒரு பழக்கம் வைத்திருந்தோம். எங்கே சத்தம் கேட்டாலும் கையில் இருப்பதைப் போடக்கூடாது, வைக்க வேண்டும். வெடிமருந்துத் தட்டு கீழே விழுந்தால் அந்த உராய்வே போதும். தட்டை மெதுவாக இறக்கிவைத்து, யாரையும் இடிக்காமல் வெளியே வந்து, மேற்கே இருக்கும் வெறும் கரிசல் காட்டில் கூட வேண்டும். செப்டம்பரில் எங்களுக்கு மேலக்காற்று. மேற்கே நின்றால் புகை நம்மை விட்டு விலகிப் போகும். அன்றும் அப்படியே கூடினோம், தலையை எண்ணினேன், ஆள் குறையவில்லை.

அடுத்த நிமிஷமே பெண்கள் ஓடப் பார்த்தார்கள்.

"அண்ணே, எங்க சித்தி அங்கதான் வேலைக்குப் போயிருக்கா. என்னைய விடுங்க."

"உங்க சித்தி வெளிய ஓடியாந்திருப்பா தாயி. நீ உள்ள போனா உன்னத் தேடி அவ திரும்பப் போவா."

அழுதாள், திட்டினாள். கையைப் பிடித்தபடியே நின்றேன். ரோட்டில் பைக்குகள் புகையைப் பார்த்துப் பறந்துகொண்டிருந்தன. ஒரு பைக்கில் மூன்று பேர். பின்னால் இருந்தவன் செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தான். சிலர் குடத்தில் தண்ணீர் கொண்டு போனார்கள். கை காட்டினோம், கத்தினோம். யாருக்குக் காது கேட்கும்? வேடிக்கை பார்க்கப் போனவர்களும் இருந்தார்கள்தான். ஆனால் பக்கத்து ஊர்க்காரர்களில் பலர் உதவப் போனார்கள். சொந்தக்காரியைத் தூக்கி வெளியே போடலாம் என்று போனார்கள். இதை யாரும் அவர்கள் மேல் குற்றமாகச் சொல்லக்கூடாது.

அப்புறம்தான் பெரிய வெடி. காலுக்குக் கீழே மண் ஆடியது. அங்கிருந்து கான்கிரீட் துண்டுகள் மேலே எழுந்து திரும்பி வருவதைப் பார்த்தேன். அன்றைக்குச் செத்தவர்கள் நாற்பது பேரை ஒட்டி. முதல் வெடியில் ஓடித் தப்பிய தொழிலாளர்கள் நிறைய. வெளியிலிருந்து ஓடி வந்தவர்கள் மேல் விழுந்தது அந்த இரண்டாவது வெடி.

ஏன் இரண்டாவது என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். பட்டாசு ஆலையில் அறைகள் தள்ளித்தள்ளி இருக்கும். ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் உட்காரக்கூடாது என்பார்கள். ஓர் அறை போனால் அந்த அறையோடு போக வேண்டும், அதற்குத்தான் அந்த இடைவெளி. சீசன் நெருக்கடியில் மரத்தடியிலும் நடைபாதையிலும் மருந்தையும் சரக்கையும் காயப்போட்டால் அந்த இடைவெளியே திரியாகிவிடும். நெருப்பு அதில் நடந்து போய் மருந்து இருப்பு வைத்த அறையைத் தொடும். அதற்கு அரை மணியும் ஆகலாம், அரை நிமிஷமும் ஆகலாம். அந்த நேரத்தில்தான் ஜனம் கூடுகிறது. அந்த ஆலையின் உரிமம் சற்று முன்புதான் நிறுத்திவைக்கப்பட்டிருந்தது என்று பிறகு செய்தி வந்தது. காகிதத்தில் நிறுத்தியது தரையில் நிற்கவில்லை.

தண்ணீர்க் குடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எரிகிற அலுமினியத் தூளில் தண்ணீர் பட்டால் அணையாது. தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் கிளம்பி இன்னும் சீறும். வீசி ஊற்றினால் தூள் கிளம்பிக் காற்றோடு கலந்து அதுவும் வெடிக்கும். தூள் மட்டும் கொஞ்சமாகப் பற்றினால் காய்ந்த மணல். மருந்து அறையே பற்றிக்கொண்டால் மணலும் வேண்டாம், ஓட்டம்தான். அமெரிக்கா, கனடா, மெக்சிகோ நாடுகளில் தீயணைப்புக்காரர்கள் வண்டியில் வைத்திருக்கும் கையேட்டில், வெடிபொருள் ஏற்றிய லாரி பற்றினால் 1,600 மீட்டர் தூரத்துக்கு ஆட்களை விலக்கச் சொல்லியிருக்கிறது. நம் ஜனங்கள் மதில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சீனாவில் தியான்ஜின் துறைமுகத்தில் 2015 ஆகஸ்ட் 12-ல் முதல் வெடிக்கும் இரண்டாவதற்கும் இடையே அரை நிமிஷம்தான். அங்கே இறந்தவர்களில் பெரும்பாலோர் தீயணைக்கப் போனவர்கள்.

அன்று ரோட்டோரம் ஒருவர் நடந்து வந்தார். அலுமினியத் தூள் அப்பி முகம், கை, புருவம் எல்லாம் வெள்ளி நிறம். சட்டை முதுகில் கருகி ஒட்டியிருந்தது. கண் மட்டும் சிவப்பாகத் தெரிந்தது. புண்ணில் தடவ ஒருவர் பேனா மையைத் தேடினார், இன்னொருவர் பேஸ்ட் கொண்டு வந்தார். இரண்டும் வேண்டாம் என்று தடுத்தோம். தூளை முதலில் உலர்ந்த துணியால் தட்டிவிட்டு, பிறகு குழாயைத் திறந்து இருபது நிமிஷம் தண்ணீரை ஓடவிட்டோம். ஒட்டிய சட்டையைப் பிய்க்கவில்லை, சுற்றி வெட்டினோம். சுத்தமான வேட்டியால் தளர்வாக மூடி ஏற்றிவிட்டோம். தீக்காயம் பட்டவர்களைச் சிவகாசியிலிருந்து மதுரைக்குக் கொண்டு ஓடிக்கொண்டே இருந்தார்கள். அந்தத் தூரத்தில் போன உயிர்களை நினைத்தால் இப்போதும் ஆத்திரம் வருகிறது.

புகையை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. எங்கள் தெருப் பையன் ஒருவன் புகைக்குள் போய்வந்தான். உடம்பில் ஒரு கீறல் இல்லை. சாயங்காலம் டீ குடித்தான், பேசினான். ராத்திரி மூச்சு இழுக்க ஆரம்பித்தது. 108-ல் ஏற்றினோம், பிழைத்துக்கொண்டான். கந்தகம் எரிந்த புகை ஈரமுள்ள தொண்டையில் அமிலமாகும், அது உடனே எரியும், ஆளை விரட்டும். நைட்ரேட் உப்பு எரிந்து வரும் பழுப்புப் புகை அப்படியல்ல. பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோக்கும். புகையில் நின்றவரை, நன்றாக இருந்தாலும், ஒரு நாளாவது டாக்டர் பார்வையில் வைக்க வேண்டும். 2016 அக்டோபர் 20-ல் சிவகாசியில் பட்டாசு ஏற்றும்போது தீப்பிடித்ததே, அங்கே பக்கத்து ஸ்கேன் சென்டரில் இருந்தவர்கள் தீயில் வேகவில்லை, புகையில் மூச்சு முட்டிப் போனார்கள். பட்டாசுக்கும் அவர்களுக்கும் என்ன சம்பந்தம்?

கையைப் பிடித்து நிறுத்தினேனே, அந்தப் பெண்ணின் சித்தி முதல் வெடியிலேயே ஓடி வந்துவிட்டார். சாயங்காலம் இருவரும் எங்கள் வேனில் ஒரே சீட்டில் உட்கார்ந்து ஊர் வந்தார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் ஜனங்களிடம் ஒன்று கேட்கிறேன். கொல்லம் - திருமங்கலம் நெடுஞ்சாலை நம் ஊர்கள் வழியாகத்தான் போகிறது. டேங்கரோ லாரியோ கவிழ்ந்தால், ஆலையில் புகை கிளம்பினால், போனைத் தூக்கிக்கொண்டு கிட்டே போகாதீர்கள். புகை உங்கள் பக்கம் வந்தால் குறுக்கே விலகி, காற்று வரும் பக்கத்துக்குப் போங்கள். 101-ஐக் கூப்பிட்டு இடத்தைச் சொல்லுங்கள். வண்டியின் எச்சரிக்கைப் பலகையில் இருக்கும் எண் தூரத்திலிருந்தே தெரிந்தால் அதையும் சொல்லுங்கள். தெரியாவிட்டால் அதைப் படிக்கப் பக்கத்தில் போக வேண்டாம். தீயணைப்பு வண்டிக்கு ரோட்டை விட்டுவிட்டு, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள்.